பாகுப் பதமும் பால் ஓட்டமும்

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர் அடுப்பை விட்டு நகரமாட்டார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். பாகிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அதில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார். கரைந்து ஓடினால் இன்னும் நேரம் இருக்கிறது. மெத்தென்ற உருண்டையாகத் திரண்டால் அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் அதிரசம் கல்லாகிவிடும். தெர்மாமீட்டர் இல்லை, கடிகாரம் இல்லை, விரல்தான் கருவி.

அந்த விரல் எதை அளக்கிறது? ஒரு திரவத்தை ஓடச் சொன்னால் அது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதை. அறிவியல் இதைப் பாகுநிலை என்கிறது. அடுப்படிப் பாகுதான் அந்தச் சொல்லுக்குள்ளும் இருக்கிறது. மலாய்ப் பாடநூலில் உங்கள் பிள்ளைகள் ‘கெலிக்காத்தான்’ என்று படிப்பது இதைத்தான்.

திரவத்தை ஒரு சீட்டுக்கட்டைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். மேல் சீட்டைத் தள்ளினால் அது அடுத்த சீட்டை உரசி இழுக்கும். அது அதற்கடுத்ததை இழுக்கும். அடிச் சீட்டு மேசையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். தண்ணீரில் இந்தச் சீட்டுகள் வழுக்கிக்கொண்டு போகின்றன. தேனில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகர மறுக்கின்றன. திரவம் தனக்குள் தானே உரசிக்கொள்ளும் இந்த உராய்வுதான் பாகுநிலை.

இதை அளக்க சென்டிபாய்ஸ் என்று ஓர் அலகு இருக்கிறது. 20 பாகை செல்சியஸில் தண்ணீரின் பாகுநிலை ஏறக்குறைய 1. நம் ரத்தம் 3 அல்லது 4. சமையல் எண்ணெய் தண்ணீரைவிடப் பல பத்து மடங்கு. விளக்கெண்ணெய் சுமார் 1,000. தேன் பல ஆயிரம். சூடு ஏறினால் இந்த எண்கள் இறங்கும். புட்டியிலிருந்து சோம்பலாக இறங்கும் எண்ணெய், காய்ந்த வாணலியில் தண்ணீர்போல் ஓடுவதைத் தினமும் பார்க்கிறோம்.

கெட்டி வேறு, கனம் வேறு

நம்மில் பலருக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். கெட்டியான திரவம் என்றால் கனமானது என்று மனம் சொல்லும். அப்படியில்லை. சமையல் எண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டி, ஆனால் தண்ணீர்மேல் மிதக்கிறது. பாதரசம் தண்ணீரைவிட 13 மடங்குக்கு மேல் கனம், ஆனால் அதன் பாகுநிலை தண்ணீரைப்போல ஒன்றரை மடங்குதான். கனம் என்பது திரவம் எவ்வளவு எடை நிற்கிறது என்ற கணக்கு. பாகுநிலை என்பது எவ்வளவு இழுத்தடிக்கிறது என்ற கணக்கு.

ஈப்போ பழைய நகரத்தில் ஒரு வெள்ளைக் காப்பி வாங்கிக் கலக்காமல் வைத்துப் பாருங்கள். கெட்டிப்பால் அடியில் படிந்து கிடக்கும். அது அடிக்குப் போனது கனத்தால். மேலே காப்பி சூடாக இருந்தும் அடியிலேயே கிடப்பதில் பாகுநிலைக்கும் பங்கு உண்டு. அதனால்தான் கரண்டி தேவைப்படுகிறது. ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆற்றுகிறவர் ஒரு கை உயரத்துக்கு இழுத்து ஊற்றுவதில் நுரை மட்டுமா வருகிறது? அடியில் முரண்டு பிடிக்கும் பாலைத் தேநீரோடு கலக்க வைக்கும் வேலையும் அதிலேயே முடிந்துவிடுகிறது.

இந்த வித்தியாசம் வெறும் தேநீர் விஷயமாக இருந்தால் இந்த வாரம் இதை எழுதியிருக்க மாட்டேன். நம் பேராக் மாநிலத்தின் இரண்டு பெரிய தொழில்களும், அவற்றை நம்பி வந்த நம் குடும்பங்களின் அன்றாடமும் இந்தக் கணக்கில்தான் ஓடின. ஒன்று ஈயம், மற்றொன்று பால்மரம்.

பாலோங்கில் ஓடிய சேறு

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த முறையை நினைவுபடுத்திக்கொள்வோம். மண்ணின்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துச் சேறாக்கி, அந்தச் சேற்றைப் பம்பு வைத்து உயரத்துக்கு ஏற்றி, ‘பாலோங்’ என்ற நீண்ட மரத் தொட்டியில் சரிவாக ஓடவிட்டார்கள். ஈயத் தாது தண்ணீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு கனம். மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். தாது அடியில் படியும், மணல் அடித்துக்கொண்டு போகும்.

கேட்பதற்குச் சுலபம். ஆனால் சேற்றில் களிமண் அதிகமானால் தண்ணீர் கூழாகிவிடும். கூழில் எதுவும் சீக்கிரம் படியாது. பொடிப் பொடியான தாது படிவதற்கு முன்பே சேற்றோடு வெளியேறிவிடும். கண்ணெதிரே காசு ஓடிப்போகிறது என்று அர்த்தம். ஆகவே எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது, எவ்வளவு சரிவு வைப்பது என்பதில்தான் சுரங்கத்தின் லாபநட்டமே இருந்தது.

ஒரு திரவத்தில் ஒரு சிறு உருண்டை எவ்வளவு வேகத்தில் மூழ்கும் என்பதற்கு 1851இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். உருண்டை சிறிதாகச் சிறிதாக வேகம் மளமளவென்று குறையும். பாதி அளவு உருண்டை நாலில் ஒரு பங்கு வேகத்தில்தான் இறங்கும். பாகுநிலை இரட்டித்தால் வேகம் பாதியாகும். பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் நிற்கும் டி.டி. 5 ஈயக் கப்பலைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறவர்கள் இதையும் சொல்லிவைக்கலாம். 1938இல் கட்டி 1982 வரை ஓடிய அந்தப் பெரிய யந்திரமும் உள்ளே செய்த வேலை இதுவே: கனமானதைப் படியவைத்து, லேசானதை ஓடவைப்பது.

விடியலுக்கு முன் ஏன்?

இனி பால்மரம். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கன்றுகளைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோல கங்சாரில் நட்டார். அந்தக் காலத்து மரம் என்று இன்றும் ஒரு மரத்தை அங்கே காட்டுகிறார்கள். சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநராக 1888இல் வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லியதாகச் சீவித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை வளர்த்தெடுத்தார். அதன் பிறகுதான் தோட்டங்கள் பெருகின. கப்பல்களும் வந்தன. நம் கொள்ளுத்தாத்தாக்களும் வந்தார்கள்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் வெட்டியவர். காலை நிகழ்ச்சிக்காக நான் நாலரை மணிக்கு எழுந்திருப்பதைப் பற்றிப் புலம்பினால், “அந்நேரத்துக்கு நாங்க பெரட்டுக்கே போயிருப்போம்” என்பார். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டில் மரத்துக்கு மரம் ஓடிய வேலை அது. வெயில் ஏறுவதற்குள் நிரையை முடிக்க வேண்டும். ஏன் அவ்வளவு அவசரம் என்று சின்ன வயதில் கேட்டபோது, “வெயில் வந்தா பால் இறங்காது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த ஒரு வரியை ஆராய்ச்சிக்கூடங்கள் பின்னர் விரிவாக எழுதின. பால்மரப் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் மயிரைவிட மெல்லியவை. இரவில் இலைகளிலிருந்து தண்ணீர் ஆவியாவது நின்றுபோகும். மரம் வேர் வழியாகக் குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கும். விடியலுக்கு முன் அந்தக் குழாய்களுக்குள் சுமார் 10 வளிமண்டல அழுத்தம் ஏறியிருக்கும். கார் டயருக்குள் நாம் அடைக்கும் காற்றைவிட நாலைந்து மடங்கு! உளி பட்டதும் பால் பீறிட்டு வருவது அதனால்தான். வெயில் ஏறினால் இலைகள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அழுத்தம் இறங்கும், பால் குறையும்.

அழுத்தம் ஏன் அவ்வளவு முக்கியம்? குழாய் அவ்வளவு குறுகல் என்பதால். பிரெஞ்சு மருத்துவர் புவாசே 1840களில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவங்களை ஓடவிட்டு ஒரு விதியைக் கண்டுபிடித்தார். அவருக்கு ரத்த ஓட்டத்தில் ஆர்வம். அவர் பெயரிலிருந்தே பாய்ஸ் என்ற அலகு வந்தது. அவர் விதிப்படி ஓட்டத்தை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: பின்னாலிருந்து தள்ளும் அழுத்தம், திரவத்தின் பாகுநிலை, குழாயின் அகலமும் நீளமும். இதில் அகலம்தான் ராஜா. குழாயின் அகலம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது. 16இல் ஒரு பங்காகிவிடும். இதய நாளங்களில் கொழுப்புப் படிவதைப் பற்றி மருத்துவர்கள் அவ்வளவு கவலைப்படுவதற்குப் பின்னாலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

பால் தண்ணீரைப்போல் லேசாக ஓடும் சரக்கும் அல்ல. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். தண்ணீரில் மிதக்கும் கோடிக்கணக்கான பொடி உருண்டைகள். உருண்டைகள் நெருக்கமாக இருந்தால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பாகுநிலை ஏறும். வெட்டியதும் அழுத்தம் விடுபட்டு, சுற்றியுள்ள திசுக்களிலிருந்து தண்ணீர் குழாய்க்குள் வரும். பால் சற்று நீர்த்து, இன்னும் சுலபமாக ஓடும். ஓரிரு மணி நேரம் போனபின் வெட்டுவாயில் ரப்பர் உருண்டைகள் திரண்டு அடைத்துக்கொள்ளும். நம் உடம்பில் காயம் ஆறுவதுபோல மரம் தன் காயத்தைத் தானே மூடுகிறது. 1970களில் பரவிய எத்திஃபோன் மருந்து, இந்த அடைப்பைத் தாமதப்படுத்தித்தான் கூடுதல் பால் தந்தது.

உளி படித்த பாடம்

இப்போது வெட்டுகிறவரின் கையைப் பாருங்கள். பால்குழாய்கள் அதிகம் இருப்பது பட்டையின் உள்பக்கத்தில், மரத்தை ஒட்டி. அதற்கும் உள்ளே மெல்லிய உயிர்ப்படலம். உளி மேலோடு போனால் பால் குறைவு. ஆழமாகப் போனால் உயிர்ப்படலம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதை மங்கிய வெளிச்சத்தில், ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரங்களில் பிடித்தார்கள்.

குழாய்கள் பட்டைக்குள் நேராக நிற்பதில்லை. சற்றுச் சாய்ந்து மேலேறுகின்றன. அதனால் கோட்டை இடப்பக்கம் உயர்த்தி வலப்பக்கம் தாழ்த்திப் போட்டால் கூடுதல் குழாய்கள் அறுபடும். அந்தக் கோட்டின் சரிவு சுமார் 30 பாகை. சரிவு குறைந்தால் பால் தேங்கிக் கோட்டுக்கு வெளியே வழியும், அதிகமானால் பட்டை வீணாகும். பாலின் பாகுநிலைக்கு ஏற்ற வாட்டம் அது. கோட்டில் வழிந்த பால் பீலியில் இறங்கி மங்கில் சேரும்.

மழை நாளில் ஏன் வெட்டு இல்லை? ஈரப் பட்டையில் பால் கோட்டோடு நிற்காமல் மரம் முழுக்கப் பரவிவிடும். மங்கிலும் மழைத்தண்ணீர் சேரும். வெட்டு இல்லாத நாளில் கையில் வரும் காசும் குறையும். மேகத்தைப் பார்த்து வீட்டுக் கணக்குப் போட்ட தலைமுறை அது.

பால் நிறுக்கும் கொட்டகையில் இன்னொரு பரீட்சை காத்திருந்தது. வாளியில் உள்ளது எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க மெட்ரோலாக் என்ற மிதப்புக் கருவியைப் பாலில் விடுவார்கள். ரப்பர் தண்ணீரைவிட லேசு. ஆகவே நல்ல கெட்டிப் பாலில் கருவி ஆழமாக இறங்கும், தண்ணீர்ப் பாலில் மேலே நிற்கும். கெட்டியான பால்தான் கனம் குறைந்த பால்! காப்பிக் கடையில் நாம் பார்த்த அதே பாடம், இங்கே ஒரு குடும்பத்தின் கூலியோடு கட்டிக் கிடந்தது.

தோட்டத்து வாழ்க்கை முழுவதும் இந்த ஓட்டத்தைச் சுற்றியே அமைந்தது. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டு ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனதும், ஆறிய காப்பியைக் காட்டிலேயே குடித்ததும், பகல் உணவுக்கு முன்பே உடம்பு ஓய்ந்துபோனதும் அதனால்தான். பெரட்டுக்கு மணி அடிக்கச் சொன்னது துரையாக இருக்கலாம். அந்த மணிக்கு நேரம் குறித்தது பட்டைக்குள் இருந்த அழுத்தம்.

ரப்பருக்குப் போட்ட மதிப்பெண்

கொட்டகைக்கு வந்த பாலில் ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் உறைந்து கட்டியாகும். திரவமாகவே வெளியூர் அனுப்ப வேண்டுமானால் அம்மோனியா சேர்ப்பார்கள். கட்டியானதோடு பாகுநிலையின் கதை முடிந்துவிடும் என்று நினைப்போம். முடிவதில்லை. பச்சை ரப்பர் பாதி வில், பாதி பாகு. இழுத்து விட்டால் சுருங்கும். ஆனால் நெடுநேரம் இழுத்தே வைத்திருந்தால் பழைய அளவுக்குத் திரும்பாது. மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் அது ஓடியிருக்கும்.

டயர்த் தொழிற்சாலைக்கு இது பெரிய தலைவலி. ரப்பர் ரொம்ப முரண்டு பிடித்தால் அதைப் பிசைந்து மென்மையாக்க நேரமும் மின்சாரமும் செலவாகும். ஒரு மூட்டை ஒரு விதமாகவும் அடுத்த மூட்டை வேறு விதமாகவும் இருந்தால் இன்னும் மோசம். மெல்வின் மூனி என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1930களில் இதற்கு ஒரு கருவி செய்தார். 100 பாகை சூட்டில் ரப்பருக்குள் ஒரு வட்டத்தைச் சுழலவிட்டு, ரப்பர் அதை எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்ப்பது. ஒரு நிமிடம் சூடாக்கி, நான்கு நிமிடம் சுற்றிவிட்டு எடுக்கும் அந்த எண்ணை உலகம் இன்றும் மூனி பாகுநிலை என்கிறது.

மலேசியா 1965இல் எஸ்.எம்.ஆர். என்ற தரக்கட்டுப்பாட்டு முறையைக் கொண்டுவந்தது. கண்ணால் பார்த்து ரப்பரைத் தரம் பிரித்த காலம் போய், ஆய்வுக்கூட எண்கள் வந்தன. அதில் சி.வி. என்று முடியும் ரகம் உண்டு. மாறாத பாகுநிலை என்று அர்த்தம். இயற்கை ரப்பர் கிடங்கில் கிடந்தாலே இறுகிக்கொண்டு போகும். ஒரு ரசாயனம் சேர்த்து அந்த இறுக்கத்தைத் தடுத்து, 60 என்றால் 55க்கும் 65க்கும் நடுவில் நிற்க வைப்பார்கள். வாங்குகிறவர் நம்பி வாங்குவது அந்த எண்ணைத்தான்.

ரப்பரின் ஒவ்வொரு மூட்டைக்கும் எண் கொடுத்த தொழில், அந்த மரத்தைப் படித்து வைத்திருந்த கைகளுக்கு அப்படி ஒரு சான்றிதழும் கொடுத்ததில்லை. ‘வெட்டுக்காரர்’ என்ற ஒரே சொல்லில் அவர்களின் வேலை அடங்கிப்போனது. தோட்டங்கள் விற்கப்பட்டு லயங்கள் காலியானபோது, பலர் ஈப்போவின் தாமான்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கையில் வேறெதுவும் இல்லாமல் வந்தார்கள். அவர்களிடம் இருந்த அறிவுக்கு நகரத்தில் வேலை இருக்கவில்லை.

மரம் மாறியது, கணக்கு மாறவில்லை

பேராக்கின் பழைய ரப்பர் நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. அங்கேயும் இதே கதை. குலைகளை நீராவியில் வேகவைத்துச் சூட்டோடு பிழிவதற்கு ஒரு காரணம், சூடான எண்ணெய் இளகிச் சுலபமாக இறங்கும் என்பது. கப்பலிலிருந்து இறக்கும்போதும் கச்சா செம்பனை எண்ணெயைச் சுமார் 50 பாகைக்குச் சூடேற்றியே பம்பு செய்கிறார்கள். ஆறினால் அது குழாயிலேயே உறைந்து நின்றுவிடும்.

உங்கள் காருக்குள்ளும் இருக்கிறது. எண்ணெய் டப்பாவில் 5 டபிள்யூ-30 என்றால், முதல் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் எஞ்சின் சூடானபின் எப்படி ஓடும் என்பதற்கு. டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. நம் ஊரில் பனி இல்லை. ஆனாலும் எஞ்சினின் இடைவெளிகளுக்கு ஏற்றபடி தயாரிப்பாளர் எழுதி வைத்த எண் அது. கெட்டியான எண்ணெய்தான் நல்லது என்று கடைக்காரர் சொன்னாலும், காரோடு வந்த கையேட்டைப் பார்த்து ஊற்றுங்கள்.

பாகுநிலையின் எல்லை எதுவரை போகும் என்பதற்கு ஓர் உதாரணம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் தொடங்கிய ஒரு சோதனை இன்னும் நடக்கிறது. சுத்தியலால் தட்டினால் கண்ணாடிபோல் நொறுங்கும் கீலை ஒரு புனலில் வைத்திருக்கிறார்கள். அது சொட்டுகிறது. ஒன்பதாவது சொட்டு 2014இல் விழுந்தது. தண்ணீரைவிட ஏறக்குறைய 23,000 கோடி மடங்கு பாகுநிலை! ஓடாது என்று நாம் முடிவு கட்டிய பொருளும், பார்க்கப் பொறுமை இருந்தால் ஓடுகிறது.

இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு சோதனை செய்து பாருங்கள். உயரமான மூன்று கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர், சமையல் எண்ணெய், தேன் ஊற்றுங்கள். ஒரே அளவுள்ள மூன்று கோலிக்குண்டுகளைப் போட்டு, அடியைத் தொட எவ்வளவு நேரம் என்று கைப்பேசியில் எண்ணச் சொல்லுங்கள். பிறகு தேன் குவளையை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மறுபடியும் போடுங்கள். புத்தகத்தில் ஒரு பக்கம் சொல்வதை அந்தக் கோலி சொல்லிவிடும்.

அது முடிந்ததும் ஒரு வேலை மிச்சம். உங்கள் குடும்பத்தில் மரம் வெட்டிய ஒருவராவது இன்னும் இருப்பார். தாத்தாவோ, பாட்டியோ, பெரியம்மாவோ. பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: எந்த நேரத்தில் பால் நன்றாக இறங்கும்? கோட்டை எந்தப் பக்கம் சாய்ப்பீர்கள்? உளி ஆழம் போதும் என்று கைக்கு எப்படித் தெரியும்? பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். அந்தப் பதில்களை வேறு யாரும் நமக்காக எழுதி வைக்கப்போவதில்லை.